பனிச்சாலையிலும் உறைந்த ஏரியிலும் பிள்ளைகளோடு சைக்கிள் ஓட்ட

பின்லாந்தில் பிப்ரவரி, மார்ச்சில் பள்ளிகளுக்கு ஒரு வாரம் விடுமுறை உண்டு. ‘ஹீஹ்தோலோமா’ என்பார்கள், பனிச்சறுக்கு விடுமுறை. தெற்கே இருப்பவர்களுக்கு வருடத்தின் எட்டாவது வாரம், நடுப்பகுதிக்கு ஒன்பதாவது, எங்கள் ஓலு நகரத்துக்குப் பத்தாவது. பெரும்பாலும் மார்ச் முதல் வாரமாக அமையும். அந்த வாரம் ஊரே ஸ்கீ பலகைகளைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பும். நாங்கள் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு கிளம்புவோம். நான், அவர், பன்னிரண்டு வயது மகள், ஏழு வயது மகன். போன வருடம் திருநெல்வேலியிலிருந்து அத்தையும் வந்திருந்தார்.

இங்கே புதிதாக வந்து சேரும் நம் குடும்பங்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “பனியில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சைக்கிளா?” ஓட்டலாம். ஆர்க்டிக் வட்டத்துக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் இந்த ஊரில் 900 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை இருக்கிறது. பனிக்காலத்திலும் அதைத் திறந்து வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் மைனஸ் 20-லும் பள்ளிக்கு மிதித்துப் போகிறார்கள். குளிர்கால சைக்கிளுக்கென்று நடக்கும் உலக மாநாட்டின் முதல் கூட்டமே 2013-ல் இங்கேதான் நடந்தது. ஆனால் ஊருக்குள் பனி வாரும் வண்டி விடியும் முன்பே வந்து பாதையைச் சுரண்டிவிட்டுப் போகும். விடுமுறைக்கு ஏரிக்கரை மரவீட்டுக்கு, இங்கே ‘மொக்கி’ என்பது, போனால் அங்கே பாதையைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. நாம்தான் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி. யாருக்கு முதலில் குளிர்கிறதோ, அவர் சொல்வதுதான் அன்றைய தூரம். பெரியவர்கள் போட்ட திட்டம், வரைபடத்தில் குறித்த தீவு, அந்தக் கரையில் இருக்கும் நெருப்பு மூட்டும் குடில், எதுவும் அதற்கு மேல் இல்லை. கீழே சொல்வது எல்லாமே இந்த விதியைக் காப்பாற்றத்தான்.

டயர்

முதல் வருடம் விடுமுறைக்குப் போன இடத்தில் வாடகைக்கு எடுத்த சைக்கிள்களில் ஆணி டயர் இல்லை. அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏரிக்கு இறங்கும் சரிவில், வெயிலில் உருகி மறுபடி உறைந்த ஒரு பாய் அகல இடத்தில், முன்சக்கரம் பக்கவாட்டில் போய்விட்டது. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு விரிசல் விட்டு ஆறு வாரம் கட்டோடு இருந்தேன். பின்னால் மகள் தனி சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். அவள் பிரேக் பிடிக்காமல் ஓரப் பனிக்குள் விட்டுவிட்டதால் தப்பித்தாள்.

அன்றிலிருந்து ஆணி டயர் இல்லாமல் வீட்டில் யாரும் வெளியே போவதில்லை. ரப்பருக்குள் பதித்த சின்ன உலோக ஆணிகள். முனை டங்ஸ்டன் கார்பைடு என்பதால் எளிதில் தேயாது. இங்கே பரவலாகக் கிடைக்கும் ஹக்கபெலீட்டா டயரில் 106 ஆணி உள்ளதும் உண்டு, 240 ஆணி உள்ளதும் உண்டு. சுரண்டிய ஊர்ப்பாதைக்கு 106 போதும். அதில் ஆணிகள் நடுவை ஒட்டி இரண்டு வரிசையாக இருக்கும். ஏரிக்கும் வண்டித்தடம் விழுந்து உறைந்த காட்டுச் சாலைக்கும் ஓரத்திலும் ஆணி இருக்கிற 240 வேண்டும். சக்கரம் சாயும்போது பிடிப்பது அந்த ஓர ஆணிதான். பணம் ஒரு டயருக்குத்தான் இருக்கிறது என்றால் அதை முன்னால் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே கிடைக்காது.

புது ஆணி டயரை மாட்டியவுடன் ஏரிக்குக் கொண்டுபோக வேண்டாம். நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வெறும் தாரில், திடீர் பிரேக்கோ வேக எழுச்சியோ இல்லாமல் ஓட்டினால் ஆணிகள் ரப்பரில் அமர்ந்துகொள்ளும். இல்லையென்றால் பறந்துவிடும்.

காற்று விஷயத்தில் பலர் ஏமாறுவார்கள். 20 டிகிரி இருக்கும் வீட்டுக்குள் 3 பார் (காற்றழுத்த அளவு) அடித்து, மைனஸ் 20-க்கு வெளியே எடுத்துப் போனால் அது 2.5 பார் அளவுக்கு இறங்கிவிடும். குளிரில் காற்று சுருங்குகிறது, டயரில் ஓட்டை இல்லை. பனியில் கொஞ்சம் இளகிய டயர் நல்லதுதான், தரையை அதிகம் தொடும். வழவழப்பான ஐஸில் கெட்டியாக இருந்தால் ஓட்டம் லேசாகும். அதனால் காற்றடிப்பதையும் அழுத்தம் பார்ப்பதையும் வெளியே, ஓட்டப்போகும் குளிரிலேயே செய்யுங்கள்.

பொதுபொதுப்பான புதுப் பனி ஐந்து சென்டிமீட்டர் வரை சாதாரண சைக்கிள் போகும். பத்தைத் தாண்டினால் நான்கு ஐந்து அங்குல டயர் போட்ட ஃபேட்பைக் எடுக்க வேண்டும், இல்லையென்றால் அன்று நடக்கலாம். சின்னப் பிள்ளையை ஃபேட்பைக்கில் ஏற்ற வேண்டாம் என்பது என் கருத்து. கனம், மிதிக்கத் திணறுவான், வியர்ப்பான். வியர்த்த பிள்ளை அடுத்த பத்து நிமிடத்தில் நடுங்கும்.

சைக்கிளில் மற்றவை

சீட்டை இரண்டு சென்டிமீட்டர் இறக்குங்கள், இரண்டு பாதமும் தரையைத் தொட வேண்டும். செயினுக்குக் குளிரில் கெட்டியாகாத எண்ணெய். பின்சக்கரத்தின் உள்ளே இருக்கும் கிரீஸ் உறைந்தால் பெடல் சும்மா சுற்றும், சக்கரம் நகராது. கிளம்பும் முன் கடையில் சொல்லி இளகிய எண்ணெய் போட்டுவிடுவது நல்லது. பிரேக்கில், பிள்ளைகளுக்குப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பெடல் பிரேக்கைப் போல எனக்குப் பிடித்தது இல்லை. எல்லாம் சக்கரத்தின் குடத்துக்குள் இருப்பதால் பனி ஒட்டாது, கையுறை போட்ட கை திணற வேண்டாம். இங்கே தெருவுக்குத் தெரு நிற்கும் யோப்போ சைக்கிளில் அதுதான். சக்கர வளையத்தைக் கவ்வும் பழைய ரப்பர் பிரேக்காக இருந்தால், ஓட்டும்போதே அவ்வப்போது லேசாகப் பிடித்து ஐஸைச் சுரண்டிவிட்டுக்கொண்டே போங்கள்.

இரவில் சைக்கிளை வெதுவெதுப்பான வீட்டுக்குள் வைக்காதீர்கள். மேலே படிந்த பனி உருகிக் கேபிளுக்குள்ளும் பூட்டுக்குள்ளும் இறங்கி, காலையில் வெளியே எடுத்ததும் அப்படியே உறைந்துவிடும். விறகுக் கொட்டகையில், குளிரிலேயே நிற்கட்டும். விளக்கின் பேட்டரியை மட்டும் கழற்றி வந்து சட்டைப்பையில் வையுங்கள்.

ஓட்டும் விதம்

பனியின் சத்தத்தைக் கேட்டுப் பழக வேண்டும். மைனஸ் பத்துக்குக் கீழே பனி டயருக்கடியில் கறுக் கறுக் என்று நொறுங்கும். அது நல்ல பிடிமானம், தைரியமாகப் போகலாம். சுழியத்தை ஒட்டி வந்தால் சத்தம் அடங்கிவிடும், ஐஸின்மேல் மெல்லிசாகத் தண்ணீர் படலம் நிற்கும். வருடத்தில் மிகவும் வழுக்கும் நாள் அதுதான். நம் ஆட்கள் மைனஸ் 20-ஐப் பார்த்துப் பயந்து, ப்ளஸ் ஒன்றைப் பார்த்துச் சந்தோஷமாகக் கிளம்புவார்கள். சைக்கிளுக்கு அது தலைகீழ்.

ஹேண்டில்பாரை இறுக்காதீர்கள். பனியில் சக்கரம் தானாகக் கொஞ்சம் அலையும், அலையட்டும். திருப்பத்துக்கு முன்பே நேராக இருக்கும்போது வேகத்தைக் குறைத்து, பின்பிரேக்கை மட்டும் பிடித்து, உடம்பைச் சாய்க்காமல் அகலமாகத் திரும்புங்கள். ஐஸில் முன்பிரேக்கைத் தொடவே வேண்டாம். கால் நிற்காமல் சீராக மிதிக்கட்டும். வண்டித்தடம் உறைந்த பள்ளத்துக்குள் சக்கரம் விழுந்துவிட்டால் சாய்வாக ஏறி வெளியே வர முயலாதீர்கள். நின்று, இறங்கி, தூக்கி வையுங்கள். பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்றுக்கொடுத்தது விழுவதற்கு. கையை நீட்டாதே, ஓரத்துப் பனிக்குவியல் பக்கம் சாய்ந்துவிடு. மகள் அதை நான் கற்றுக்கொடுக்கும் முன்பே செய்துவிட்டாள், சொன்னேனே.

இன்னொன்று, ஸ்கீக்காரர்களுக்காக இயந்திரம் வைத்துக் கீறிய தடத்தில் சைக்கிள் விடக்கூடாது. ஒரு டயர்க் கோடு போதும், யாரோ காலை நாலு மணிக்கு எழுந்து செய்த வேலை பாழாகும்.

உடுப்பு, முகம், விரல்

வெளியே மைனஸ் 15, காற்றே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 15 கிலோமீட்டரில் மிதித்தால் முகத்துக்கு அது மைனஸ் 23 போல இருக்கும். சைக்கிள் தன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஆகவே காற்று புகாத மேலுடுப்பு முதலில். உள்ளே உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி, நடுவில் இன்னொரு கம்பளி. பருத்தி வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு அதைவிட நல்லது இல்லை, ஆனால் இங்கே வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே உடம்பில் கிடக்கும். மிதிக்கிறவர் கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். கதகதப்பாகக் கிளம்பினால் உடுப்பு அதிகம் என்று பொருள். பின்சீட்டில் உட்கார்ந்து வரும் குழந்தைக்கு இது பொருந்தாது. அது அசைவதே இல்லை, உங்களைவிட ஓர் அடுக்கு கூடுதலாகப் போடுங்கள்.

விரல் பிரித்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் கையுறை சூடு. ஹேண்டில்பாரிலேயே மாட்டும் உறை கிடைக்கிறது, அதற்குள் கையை நுழைத்துக்கொண்டால் மெல்லிய கையுறையே போதும். காலணி ஒரு அளவு பெரிதாக, கம்பளிக் காலுறையோடு, உள்ளே விரலை அசைக்க இடம் இருக்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் ரத்தம் ஓடாது.

மகனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது பின்சீட்டில் வைத்து ஏரியைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தேன். வாய் ஓயாதவன். ஏரியின் நடுவில் பேச்சு நின்றது. தூங்கிவிட்டானோ என்று நினைத்து இன்னும் நூறு மீட்டர் மிதித்தேன். அந்த நூறு மீட்டர் இப்போதும் மனதில் உறுத்துகிறது. இறங்கிப் பார்த்தால் கழுத்துத் துணி நழுவி, இடது கன்னத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளை. மெழுகு சொட்டினது போல, பளபளப்பு இல்லாத வெள்ளை. கையுறையைக் கழற்றி, கையை என் கழுத்தில் வைத்துச் சூடேற்றி, உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்தேன். தேய்க்கவில்லை, தேய்க்கவே கூடாது, பனியை வைத்து உரசுகிற பழைய வைத்தியமும் கூடாது. இரண்டு மூன்று நிமிடத்தில் சிவப்பு திரும்பியது. சுருக்கென்று குத்தியதில் அழ ஆரம்பித்தான். அந்த அழுகை எனக்கு எவ்வளவு நிம்மதி!

அதிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரும் நிற்போம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும், மூக்கு, கன்னம், காது மடல். கால்விரலில் உணர்வு தெரிகிறதா என்று கேட்க வேண்டும். “வலிக்கிறது” என்றால் கொஞ்சம் நடக்க வைக்கலாம். “ஒன்றும் தெரியவில்லை” என்றால் அத்தோடு திரும்பிவிடுவோம். நிறம் திரும்பாமல் தோல் கெட்டியாக இருந்தால் உள்ளே கொண்டுபோய்விட்டு 116117 எண்ணில் மருத்துவ ஆலோசனை கேளுங்கள்.

பிளாஸ்கில் சுக்குக் காபி எடுத்துப் போகிறோம், பிள்ளைகளுக்குச் சூடான கருந்திராட்சைச் சாறு. பேரீச்சம்பழம் மைனஸ் 15-ல் கெட்டியாகிவிடும், உள்பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள்.

ஏரிக்கு இறங்கும் முன்

எங்கள் மொக்கி காய்னூ பகுதியில், சோட்காமோ பக்கம் ஒரு சின்ன ஏரிக்கரையில். பின்லாந்தில் உறைந்த ஏரிமேல் யாரும் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், அனுமதி தேவையில்லை. அனுமதி கேட்க வேண்டியது ஐஸிடம்தான், தினமும்.

அளவு இதுதான். தெளிவான, கருப்பாகத் தெரியும் ஐஸ், இங்கே எஃகு ஐஸ் என்று பெயர், ஐந்து சென்டிமீட்டர் இருந்தால் ஒரு ஆளைத் தாங்கும். பனிமேல் ஓடும் மோட்டார் பனிவண்டிக்குப் பதினைந்து, காருக்கு இருபதுக்கு மேல். பனி ஊறி உறைந்த வெள்ளை ஐஸுக்கு அதில் பாதி பலம்தான். பிள்ளைகளோடு போகும்போது என் கோடு இருபது. குறைந்தால் கரையோடு சரி.

போன மார்ச்சில் பக்கத்து மொக்கிப் பெரியவர் தூண்டில் மீன்பிடிக்கக் கிளம்பியபோது அவரோடு போய்த் துளை போட்டுப் பார்த்தோம். ஐஸில் துளை போடும் திருகை, கை ஆகரை, சுற்றச் சுற்ற முதலில் பால் நிறத் துருவல் வந்தது, உளுந்து மாவு போல. ஒரு சாணுக்குக் கீழே நிறம் மாறி, கண்ணாடித் தூளாக வந்தது. வெள்ளை ஐஸ் முடிந்து எஃகு ஐஸ் ஆரம்பிக்கிறது என்று பொருள். கடைசியில் ஆகர் சட்டென்று கீழே விழுவது போல ஓர் அசைவு, தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. நுனியில் கொக்கி வைத்த குச்சியை விட்டு அடிவிளிம்பில் மாட்டி மகள் அளந்தாள். 52 சென்டிமீட்டர்.

அப்போது பெரியவர் தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார். ஐஸ் தண்ணீரில் மிதக்கிறது, பத்தில் ஒன்பது பங்கு கீழே. மேலே பாரம் இல்லாவிட்டால் துளைக்குள் தண்ணீர் விளிம்புக்கு நான்கு ஐந்து சென்டிமீட்டர் கீழேயே நின்றுவிடும். விளிம்பைத் தாண்டி வழிந்தால், மேலே கிடக்கும் பனி ஐஸையே அமுக்கிக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் விரிசல் வழியே ஏறிய தண்ணீர் எங்கேயோ பனிக்கடியில் கூழாக நிற்கும். ஐஸ் உடையாது, ஆனால் சக்கரம் அதில் புதைந்து, காலணிக்குள் தண்ணீர் போகும். குளிரில் நனைந்த காலோடு இரண்டு கிலோமீட்டர் வருவது பிள்ளைக்கு முடியாத காரியம். அன்று தண்ணீர் விளிம்பில் தளும்பியது. பனிவண்டிகள் போய் அழுத்தி உறைந்த தடத்திலேயே ஓட்டினோம்.

ஒரு துளை ஓர் இடத்தைத்தான் சொல்லும். ஆறு கலக்குமிடம், இரண்டு கரை நெருங்கும் குறுகல், பாலத்தடி, நாணல் காடு, படகுத்துறை, ஊற்று, இங்கெல்லாம் போகவே வேண்டாம். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் கீழிருந்து ஐஸை அரித்துக்கொண்டே இருக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சவுனா என்ற நீராவிக் குளியல் அறையிலிருந்து வந்து முழுகுவதற்கு வெட்டிய துளையும் கரையோரம் இருக்கும், சுற்றிலும் மரக்கிளை நட்டிருப்பார்கள். கிளையைப் பார்த்தால் விலகிப் போங்கள்.

ஏரி சத்தம் போடும். இழுத்துக் கட்டிய கம்பியை அடித்தது போல ஒரு ஓசை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓடும். மகன் முதல்முறை கேட்டபோது என் காலைக் கட்டிக்கொண்டான். வெப்பநிலை மாறும்போது ஐஸ் விரிந்து சுருங்கும் ஒலி அது. தடித்த ஐஸில் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

ஒவ்வொருவர் கழுத்திலும் நாஸ்காலி தொங்க வேண்டும். இரண்டு பிடி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஆணி. உள்ளே விழுந்தால் ஐஸில் குத்தி இழுத்து ஏற. பிள்ளைகளை ஐஸில் குப்புறப் படுக்கவைத்து, குத்தி இழுத்துப் பழக்கியிருக்கிறேன். விழுந்துவிட்டால் முதல் ஒரு நிமிடம் மூச்சு தாறுமாறாகப் போகும், அதை அடக்குவதுதான் முதல் வேலை. அப்புறம் கையும் காலும் சொன்னபடி கேட்க ஏறத்தாழ பத்து நிமிடம் இருக்கிறது. வந்த பக்கம் திரும்புங்கள், அந்த ஐஸ் உங்களைத் தாங்கியிருக்கிறது. குத்தி, காலை நீச்சல் போல உதைத்து, வயிற்றால் ஏறி, எழுந்திருக்காமல் உருண்டு விலகுங்கள். சைக்கிளை விட்டுவிடுங்கள். கரையில் இருப்பவர் ஓடி வரக்கூடாது. படுத்துக்கொண்டு கயிறு வீச வேண்டும், 112-ஐ அழைக்க வேண்டும். ‘112 சுவோமி’ செயலி மூலம் அழைத்தால் நீங்கள் இருக்கும் இடமும் அவர்களுக்குப் போய்ச் சேரும். கயிறும், தண்ணீர் புகாத பையில் ஒரு முழு மாற்றுடுப்பும் எங்கள் பையில் எப்போதும் உண்டு. ஏரிமேல் நாங்கள் ஒன்றாகக் கூட்டமாகப் போவதில்லை, பத்து மீட்டர் இடைவெளி.

மிதிக்காதவர்களையும் விட்டுவிட்டுப் போக வேண்டாம். அத்தையைப் பொட்குகெல்க்காவில் உட்கார வைத்தோம். முன்னால் நாற்காலி, அதன் அடியிலிருந்து பின்னால் நீளும் இரண்டு இரும்புச் சறுக்குச் சட்டம், பின்னால் நிற்பவர் ஒரு காலால் உந்த வேண்டும். ஆட்டுத்தோல் விரித்து, மடியில் போர்வை, மேலே என் பழைய கோட்டு. மகள் உந்தினாள், நான் முன்னால் தடம் பார்த்து மிதித்தேன். “தாமிரபரணியே இப்படி நின்னா எப்படி இருக்கும்” என்று அத்தை கேட்டுக்கொண்டே வந்தார். இருபதாவது நிமிடம் “கால் மரத்துப்போச்சும்மா” என்றார். தீவு கண்ணுக்கு எதிரே தெரிந்தது. திரும்பினோம். சறுக்குப் பலகையைச் சைக்கிளின் பின்னால் கட்டி இழுக்க நினைப்பவர்கள் கயிறு கட்டாதீர்கள். பிரேக் பிடித்தால் அது வந்து பின்சக்கரத்தில் மோதும். நீளக்கம்பி வைத்த பலகைதான் வேண்டும்.

ஏப்ரலில் கணக்கே மாறிவிடும். வெயில் ஐஸுக்குள் இறங்கி அதைச் செங்குத்தான ஊசிகளாகப் பிரித்துவிடும். முப்பது சென்டிமீட்டர் தடிமன் இருந்தும் தாங்காது. தடிமனை அளப்பதில் அப்போது அர்த்தமில்லை. நான் ஏப்ரல் தொடங்கியதும் ஏரியை விட்டுவிடுவேன்.

ஆனால் அதற்கு முன், மார்ச் கடைசியில், ‘ஹங்கிகந்தோ’ என்று சில நாட்கள் வரும். பகல் வெயிலில் மேல்பனி இளகி, இரவுக் குளிரில் ஓடாக உறைந்திருக்கும். அந்தக் காலையில் பாதையே தேவையில்லை, வயல், சதுப்பு, காடு, எங்கு வேண்டுமானாலும் பனியின் மேலேயே ஓட்டலாம். காலை ஆறு மணிக்கு எழுந்து ஒரு பிஸ்கட்டோடு கிளம்பிவிடுங்கள். காலால் மிதித்துப் பார்த்து ஓடு உடையவில்லை என்றால் போகலாம். பத்து மணிக்கு மேல் முன்சக்கரம் பொதுக் பொதுக்கென்று இறங்க ஆரம்பிக்கும். அதற்குள் வாசலுக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் மீதி தூரத்துக்குச் சைக்கிளைத் தோளில் சுமந்து, இடுப்பளவு பனியில் நடந்துதான் வரவேண்டும்.